பழைய மோட்டார் படகைப் புதுப்பித்தல்: வண்ணம் கடைசியில் வரட்டும்

கொச்சியின் காயல்களிலும், கோவாவின் மாண்டவி ஆற்றிலும், மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய கரைகளிலும் விடுமுறை நாள்களில் குடும்பத்துடன் நீரில் உலா வருவதற்கென்றே சிறு மோட்டார் படகு வைத்திருப்போர் உண்டு. புதிய படகின் விலை பெரும்பாலோருக்கு எட்டாதது. உல்லாசப் பயன்பாட்டுக்கான படகுகள்மீது விதிக்கப்படும் சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்த பின்னர், அது மேலும் எட்டாததாகியுள்ளது. எனவே, கரையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய படகு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, தம் கையாலேயே செப்பனிட்டுக் கொள்ளலாம் என்னும் எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பே.

இது செய்யக்கூடிய பணிதான். ஓரளவு கைத்திறனும் பொறுமையும் உள்ள எவரும், 16 முதல் 18 அடி நீளமுள்ள ஃபைபர் படகின் பெரும்பாலான வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலும். ஆயினும், இதில் இறங்கியோர் பலர் பணத்தையும் உழைப்பையும் இழந்து பாதியில் கைவிடுவதும் உண்டு. வேலையைத் தலைகீழான வரிசையில் செய்வதே அதற்கு முதன்மையான காரணம். முதலில் வண்ணம், பிறகு இருக்கைகள், அதன்பின் எஞ்சின் என்று தொடங்கி, இறுதியில் படகின் உட்கூடு உளுத்துப்போயிருப்பது தெரியவரும். அப்போது செய்த வேலை அனைத்தையும் பிரிக்க நேரிடும். படகைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியாத பகுதியே முதல் செலவுக்கு உரியது.

விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை

ஃபைபர் படகு முழுவதும் ஃபைபரால் ஆனதன்று. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த மேலோட்டுக்குள், எஞ்சினைத் தாங்கும் பின்பலகையிலும், தரைத்தளத்திலும், அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளிலும் பெரும்பாலும் பிளைவுட்டோ மரமோ இருக்கும். மேலோடு கெடுவதில்லை, உள்ளே இருக்கும் மரம் கெடுகிறது. எஞ்சினை மாட்டத் துளையிட்ட இடத்திலும், கைப்பிடிகளைத் திருகிய இடத்திலும் அடைப்புப் பசை தளர்ந்தால், அந்தத் துளை வழியே நீர் சிறிது சிறிதாக உட்புகும். வெளியேற வழியின்றித் தேங்கும் அந்த ஈரத்தில் மரம் ஆண்டுக்கணக்கில் அழுகும். வெளியிலிருந்து பார்க்கும்போது படகு பளபளப்பாகவே இருக்கும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பின்பலகையையும் தரைத்தளத்தையும் சாண் சாணாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும்; ஈரம் ஏறிய இடமோ ஓடு பிரிந்த இடமோ மந்தமாக ஒலிக்கும். அடுத்து, வெளியே பொருத்தும் வகை எஞ்சினாயின், அதைச் சற்றே மேலே சாய்த்து, அதன் அடிப்பகுதியைக் கையால் அழுத்தும்போது பின்பலகை அசைகிறதா என்று கவனிக்க வேண்டும். அசைந்தால் உள்மரம் போய்விட்டது எனக் கொள்ளலாம். உரிமையாளர் இசைந்தால், பின்பலகையின் உட்புறம் கீழ்ப்பகுதியில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்றை இட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் உறுதியான சோதனை. வெளிவரும் மரத்தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நன்று. கறுத்து நனைந்திருந்தால், பின்பலகையை மாற்றும் செலவைக் கழித்தே விலை பேச வேண்டும்.

தரைக்கு அடியில் மிதப்புக்காக நிரப்பப்பட்ட நுரைப்பஞ்சும் பழைய படகுகளில் நீர் குடித்திருக்கும். ஒத்த அளவுள்ள மற்றொரு படகைவிட இழுவண்டியில் மிகுந்த கனமாகத் தோன்றும் படகு, அந்த ஐயத்துக்கு உரியது.

ஆவணங்கள்

1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டம், இயந்திர விசையால் இயங்கும் கலங்களின் பதிவு, ஆய்வு, காப்பீடு ஆகியவற்றை நாடு முழுவதற்கும் ஒரே முறைக்குள் கொண்டுவந்துள்ளது. இவற்றை நடைமுறைப்படுத்துவோர் அந்தந்த மாநில அரசு நியமித்த அதிகாரிகள். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே, அப்படகு எந்தப் பிரிவில் வரும், அதற்கு என்ன சான்று தேவை என்பதை அந்த அலுவலகத்தில் கேட்டறிவது நலம். கடலில் செலுத்தக் கருதுவோருக்குரிய விதிகள் வேறு.

பதிவுச் சான்றில் உள்ள பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் எண், சான்றில் உள்ள எண்ணுடன் பொருந்த வேண்டும். கடன் நிலுவை ஏதும் படகின்மீது இல்லை என்பதற்கான எழுத்துச் சான்றையும், வெளிநாட்டிலிருந்து வந்த படகாயின் சுங்கத் தீர்வை செலுத்திய ஆவணத்தையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். தொகையை ரொக்கமாகக் கொடாமல் வங்கிக் கணக்கின் வழியே செலுத்தினால், பிற்காலத்தில் அதுவே சான்றாக நிற்கும். ஆவணமற்ற படகை எவ்வளவு அழகாகச் செப்பனிட்டாலும், அதைப் பதிவு செய்யவோ, காப்பீடு பெறவோ, மீண்டும் விற்கவோ இயலாத நிலை ஏற்படலாம்.

கணக்கும் கையிருப்பும்

புதுப்பித்த படகை விற்கும்போது செலவிட்ட தொகை முழுவதும் திரும்புவது அரிது. ஆகவே இதனை முதலீடாகக் கருதாமல், விருப்பத்துக்கான செலவாகவே வரவு செலவுத் திட்டத்தில் எழுதிக் கொள்வது நேர்மையான கணக்கு. மதிப்பிட்ட தொகையுடன் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக ஒதுக்கி வைப்பதும் தேவை. தரைத்தளத்தை அறுத்துத் திறக்கும் வரை முழு உண்மை தெரியாது.

எடுத்துக்காட்டாக, செப்பனிடும் செலவுக்கென 2,00,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையில் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 9,415 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 26,000 ரூபாய். அதே 9,415 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வந்தால், வட்டியைச் சேர்க்காமலேயே 22 மாதங்களில் தொகை 2 இலட்சத்தைத் தாண்டிவிடும். ஓய்வு நாள்களில் மட்டும் செய்யப்படும் இப்பணி எப்படியும் ஓர் ஆண்டுக்கு மேல் நீளக்கூடியது. பொருள்களும் கட்டம் கட்டமாகவே தேவைப்படும். எனவே சேமித்துச் சேமித்துச் செலவிடுவது இதற்கு இயல்பாகவே பொருந்தும். ஒரு கட்டம் முடிந்து, அதன் செலவைக் கணக்கில் எழுதிய பின்னரே அடுத்த கட்டத்துக்கான பொருளை வாங்குவது என்று வரையறுத்துக் கொண்டால், எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமானாலும் இழப்பு அளவுக்குள் இருக்கும். ரசீதுகளைப் பாதுகாத்து வைத்தால், காப்பீட்டுக்காகப் படகை மதிப்பிடும்போது அவை துணைபுரியும்.

பருவம் அறிந்து பணி செய்தல்

மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சிறு படகுகள் கரையேற்றப்படும் காலம். அப்போதே எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ரெசினுக்கு ஈரக்காற்று பகை. நனைந்த மரத்தின்மீதோ ஈரம் படிந்த ஃபைபரின்மீதோ பூசப்படும் அடுக்கு சரியாகப் பற்றாது. சில மாதங்களில் உரிந்து வரும். எனவே மழைக்காலத்தைக் கூரைக்கு அடியில் பிரித்தெடுக்கும் வேலைக்கும், எஞ்சின் வேலைக்கும், அளவெடுப்புக்கும் ஒதுக்கி, ஒட்டும் வேலையை மழை ஓய்ந்து காற்று உலர்ந்த மாதங்களில் வைத்துக் கொள்வதே முறை. வடகிழக்குப் பருவமழை பெறும் சென்னை போன்ற இடங்களில் இவ்வொழுங்கு சனவரிக்குப் பின்னர் அமையும். பிரித்த படகு உலர்வதற்கே சில வாரங்கள் தேவை. இந்தக் காத்திருப்பு வேலையின் ஒரு பகுதியேயன்றி வீண் காலமன்று.

பின்பலகையை மாற்றும் முறை

உளுத்த பின்பலகையை மாற்றுவது கடினமாகத் தோன்றினாலும், அதன் படிகள் தெளிவானவை. எஞ்சினைக் கழற்றியபின், உட்புற ஃபைபர் ஓட்டை, ஓரத்தில் 5 முதல் 7 சென்டிமீட்டர் அளவு விளிம்பு விட்டு அறுத்தெடுக்க வேண்டும். வெளி ஓடு சேதமின்றி நிற்க வேண்டும். படகின் வடிவம் அதில்தான் உள்ளது. உளியால் அழுகிய மரத்தைப் பெயர்த்து, மேற்பரப்பைக் கிரைண்டரால் தேய்த்து, நன்கு உலரவிட வேண்டும்.

அட்டையில் அச்சு வெட்டிப் பார்த்து, அதன்படி புதிய பிளைவுட்டை அறுக்கலாம். வீட்டு மேசை, அலமாரிக்குப் பயன்படும் சாதாரண பலகை இதற்கு ஆகாது. ஐ.எஸ். 710 தரக்குறியீடு பெற்ற மரைன் பிளைவுட்டே வேண்டும். பழைய பலகையின் தடிமனை அளந்து அதே தடிமனைத் தர வேண்டும். சிறு படகுகளில் 18 மில்லிமீட்டர் பலகைகள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி 36 மில்லிமீட்டர் ஆக்குவது வழக்கம். அறுத்த ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கங்களையும் ரெசினால் நனைத்து மூடிய பின்னரே பலகையைப் பொருத்த வேண்டும்.

பொருத்திய பலகைமேல் ஃபைபர் அடுக்குகள் வரும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஃபைபர் மேட் ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். அதன் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவைப்படும். இதைக் கொண்டு வாங்க வேண்டிய அளவை முன்கூட்டியே கணக்கிடலாம். புதிய அடுக்கு பழைய ஃபைபரைச் சந்திக்கும் இடத்தில், பழையதைச் சரிவாகத் தேய்த்துவிட வேண்டும். தடிமனைப் போல் 12 மடங்கு நீளச் சரிவு என்பது நடைமுறை விதி. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓட்டுக்கு 6 சென்டிமீட்டர் சரிவு. இச்சரிவின்றி விளிம்போடு விளிம்பு ஒட்டினால், சுமை ஏறும்போது அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

கடைசியாக, மீண்டும் துளையிடும் முறை. போல்ட்டின் அளவைவிடப் பெரிய துளையிட்டு, அதைக் கெட்டியான எப்பாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவே போல்ட்டுக்குரிய துளையை இட வேண்டும். அப்போது அடைப்புப் பசை பிற்காலத்தில் தளர்ந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. முதன்முதல் படகைக் கெடுத்த காரணம் இதனால்தான் நீங்குகிறது. நீருக்கு அடியில் வரும் பொருத்துகளுக்கு, குளியலறையில் பயன்படும் சிலிக்கான் பசையைத் தவிர்த்து, படகுக்கென உள்ள பாலியூரித்தேன் பசையைப் பயன்படுத்த வேண்டும்.

நுரைப்பஞ்சை அகற்றியவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடக் கூடாது. படகில் நீர் நிறைந்தாலும் அதை மூழ்கவிடாமல் தாங்குவது அதுவே. எடுத்த அளவுக்கு நீர் குடியாத புதிய நுரைப்பஞ்சைத் திரும்ப வைக்க வேண்டும்.

ரெசினைக் கையாளும்போது

நம் நாட்டுக் கடைகளில் பாலியெஸ்டர் ரெசின், கோபால்ட், கேட்டலிஸ்ட் ஆகிய மூன்றும் தனித்தனியே கிடைக்கும். இங்கே ஒரு விதியை எக்காலத்தும் மீறலாகாது: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முற்றிலும் கலக்கிய பின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். கோபால்ட் சேர்த்தே விற்கப்படும் ரெசினாயின் மீண்டும் சேர்க்கத் தேவையில்லை என்பதால், வாங்கும்போதே கேட்டுக் கொள்வது நல்லது.

கேட்டலிஸ்ட்டின் அளவு 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். வெயில் கடுமையான நாளில் குறைந்த அளவு போதும். ஆனால் வேலை செய்ய நேரம் கூடுதலாகக் கிடைக்குமென்று அதையும்விடக் குறைத்தால் ரெசின் என்றுமே முழுமையாக இறுகாது. ஒரு வாளி நிறையக் கலந்து வைத்தால் அது தானே சூடேறிப் புகையத் தொடங்கும்; ஆழமற்ற தட்டில் சிறுகச் சிறுகக் கலப்பதே பாதுகாப்பு. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகும் அபாயம் உண்டு. எனவே கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பட்டுவிட்டால் உடனே 15 நிமிடமாவது நீரால் கழுவி மருத்துவரை அணுக வேண்டும். ஃபைபரைத் தேய்க்கும்போது எழும் தூளுக்குத் துணியைக் கட்டிக் கொள்வது போதாது. வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும்.

இந்த வேலையை முதன்முறை செய்வோருக்கு நம் கடற்கரைகளிலேயே ஆசிரியர்கள் உள்ளனர். மீனவக் குடியிருப்புகளில் ஃபைபர் படகுகளை ஆண்டு முழுவதும் பழுதுபார்க்கும் தொழிலாளர்களிடம் இரண்டு நாள் கூலி கொடுத்து உடன் நின்று கற்றுக் கொள்வது, இப்பணியில் செய்யும் மிகப் பயனுள்ள செலவுகளுள் ஒன்று.

எஞ்சினும் எரிபொருளும்

எஞ்சினின் உடல்நிலையைச் சொல்வது அதன் அழுத்தச் சோதனை. சிலிண்டர்களுக்கு இடையே அழுத்த வேறுபாடு 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால், உள்ளே தேய்மானமோ பழுதோ உண்டு. அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நன்று. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் உட்புகுந்துள்ளது என்று பொருள்.

நாமே செய்யக்கூடியவை பல. குளிர்நீரை ஏற்றும் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லர், நெடுநாள் ஓடாத எஞ்சினில் காய்ந்து விறைத்திருக்கும். அதன் விலை சிறியது. அது செயலிழந்தால் எஞ்சினே சூடேறிப் போகும். ஆகவே பழைய படகு வாங்கியதும் அதைக் கேள்வியின்றி மாற்றிவிடலாம். நீர் இணைப்பு இல்லாமல் எஞ்சினைச் சில விநாடிகள்கூட ஓட்டக் கூடாது. உப்புநீரில் ஓடிய ஒவ்வொரு முறையும் நன்னீரால் உட்புறத்தைக் கழுவ வேண்டும். மற்ற உலோகப் பாகங்களுக்காகத் தான் அரிபட்டுப்போகும் காப்பு உலோகத் துண்டைப் பாதியளவு கரைந்ததும் மாற்ற வேண்டும். அது கடல்நீருக்குத் துத்தநாகமாகவும் நன்னீருக்கு மெக்னீசியமாகவும் இருத்தல் வேண்டும்.

இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பல வாரம் தொட்டியில் தேங்கினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய ரப்பர்க் குழாய்களும் அதனால் இளகும். ஆகவே எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றி, நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, நெடுநாள் நிறுத்தும்போது தொட்டியைக் காலி செய்வது இன்றியமையாதது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். எனவே உள்ளே எஞ்சின் பொருத்திய படகில் காருக்குரிய ஸ்டார்ட்டரையோ ஆல்டர்னேட்டரையோ விலை குறைவென்று பொருத்தலாகாது. தீப்பொறி வெளிவராத படகு வகையே வேண்டும். மின்கம்பிகளும் ஈயம் பூசிய செம்புக் கம்பிகளாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் அமைய வேண்டும். அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பு, பிரதான சுவிட்சை அணைத்திருந்தாலும் தானே இயங்கும்படி தனி ஃபியூஸுடன் இணைக்கப்பட வேண்டும்.

மாற்றக் கூடாதவை

செப்பனிடுதல் வேறு, உருமாற்றுதல் வேறு. மேலே ஒரு தளம், கனமான கூரை, கூடுதல் இருக்கைகள், வடிவமைப்பில் குறித்ததைவிட ஆற்றல் மிக்க எஞ்சின் ஆகியவை படகின் எடை மையத்தை மாற்றிவிடும். 2023 மே 7 அன்று கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அளவுக்கு மிஞ்சிய பயணிகளை ஏற்றியதும், மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக உருமாற்றியிருந்ததும் அதன்பின் பரவலாகப் பேசப்பட்டன. வணிகப் படகுக்கு மட்டுமன்றி, குடும்பத்தை ஏற்றிச் செல்லும் சிறு படகுக்கும் அப்பாடம் உரியது. படகு எத்தனை பேருக்கென வடிவமைக்கப்பட்டதோ, புதுப்பித்த பின்னும் அத்தனை பேருக்கே. எந்த மாற்றத்தையும் பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றிச் செய்தல் கூடாது.

வண்ணமும் வெள்ளோட்டமும்

உட்கூடு உறுதியாகி, எஞ்சின் சீராகி, மின்னிணைப்பு முடிந்த பின்னரே வண்ணத்துக்கு முறை. மேற்பூச்சிலுள்ள மெல்லிய சிலந்தி வலைக் கீறல்களைத் திறந்து, பட்டி வைத்து, உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்துப் பூசலாம். எப்பாக்ஸியால் செப்பனிட்ட இடத்தின்மீது ஜெல்கோட் சரியாகப் பற்றாது. அங்கே தகுந்த பிரைமரும் பெயிண்டுமே ஏற்றவை.

வெள்ளோட்டத்தை அலையற்ற நீரில், கரைக்கு அருகில், பயணிகள் இன்றி நடத்த வேண்டும். படகை இழுவண்டியிலிருந்து அவிழ்க்காமலே நீரில் இறக்கி, கால் மணி நேரம் உட்புறம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வடிகால் அடைப்பானைப் பொருத்தியதை இருமுறை உறுதி செய்வது நல்ல வழக்கம். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி, தீயணைப்பான், துடுப்பு, கயிற்றுடன் நங்கூரம் ஆகியவை முதல் நாளிலிருந்தே படகில் இருக்கட்டும். தகுதி வாய்ந்த ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு படகைப் பார்வையிடச் செய்து, சான்றும் காப்பீடும் பெற்ற பின்னரே குடும்பத்தினரை ஏற்ற வேண்டும்.

இவ்வாறு ஒழுங்காகப் பணி செய்தவர், தம் படகின் ஒவ்வொரு துளையையும் கம்பியையும் அறிந்தவராகிறார். நடு நீரில் எஞ்சின் நின்றால் எங்கே கைவைக்க வேண்டும் என்பதும், வானம் கறுத்தால் எப்போது திரும்ப வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். செலவிட்ட தொகைக்கு ஈடாக அவர் பெறுவது இந்த அறிவும், உடன் வருவோரின் பாதுகாப்புமே. வாங்கக் கருதியுள்ள படகு எதுவாயினும், விலை பேசுமுன் திருப்புளியின் கைப்பிடியால் அதன் பின்பலகையைத் தட்டிப் பார்ப்பதிலிருந்து பணியைத் தொடங்குங்கள்.